வெரோனாவுக்குப் போகும் நாளில் காரை ஏரிக்கரையிலேயே விட்டுவிடுங்கள்

கோடை விடுமுறைக்குக் கூட்டமாக இத்தாலியின் கார்டா ஏரிக்குப் போகும் சுவிஸ், ஜெர்மனி, பிரான்ஸ் தமிழ்க் குடும்பங்களுக்கும், அந்தப் பயணங்களுக்கு வீடு பிடித்து, வாட்ஸ்அப் குழு தொடங்கி, கார்களை எண்ணிக் கணக்குப் போடும் அண்ணாமார், அக்காமாருக்கும்,

வணக்கம்.

நீங்கள் போடும் பயணத் திட்டங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். எந்தக் காரில் யார் ஏறுவது, எந்த வீட்டில் பெரிய சமையலறை, கார்டாலாண்ட் கேளிக்கைப் பூங்காவுக்கு எந்த நாளில் கூட்டம் குறைவு என்பதெல்லாம் கச்சிதமாக இருக்கும். வெரோனா என்று வந்ததும் மட்டும் திட்டம் சுருங்கிவிடும்: ‘வெரோனா, காரில், அரை நாள்.’ அவ்வளவுதான். அதிலிருந்து ‘காரில்’ என்பதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அதை எடுத்தால் ‘அரை நாள்’ தானாகவே போய்விடும். காரில் போவதால்தான் அவ்வளவு பெரிய நகரம் நமக்கு அரை நாளில் முடிந்துபோகிறது.

தூரத்தைப் பார்த்தால் காரில் போவதுதான் சரி என்று தோன்றும். ஏரியின் தென்கரையில் இருக்கும் பெஸ்கியேராவிலிருந்து வெரோனா ஏறக்குறைய 25 கிலோமீட்டர். ஏ4 நெடுஞ்சாலை பக்கத்திலேயே இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, கொத்தார்ட் வழியாகவோ பிரென்னர் வழியாகவோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி வந்தவருக்கு 25 ஒரு தூரமா? ஆனால் அந்த ஏ4, மிலானையும் வெனிஸையும் இணைக்கிற சாலை. லாரிகள் வருடம் முழுக்க வரிசைகட்டி ஓடும். ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் வாடகை வீடு மாறுகிற குடும்பங்களும் அதில் வந்து சேரும். நீங்கள் லாசீசே, பர்தோலீனோ, கார்டா என்று கிழக்குக் கரையில் தங்கியிருந்தால் நெடுஞ்சாலைக்கு வந்து சேருவதற்கே கரையோரச் சாலையில் ஊர்ந்து வர வேண்டும். கார்டாலாண்ட் திறக்கும் நேரத்தில் அந்தச் சாலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இதையெல்லாம் தாண்டி வெரோனாவை அடைந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிஜமான தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

வெரோனாவின் பழைய நகரத்தை அதிஜே ஆறு பெரிய வளைவாகச் சுற்றி ஓடுகிறது. அந்த வளைவுக்குள் இருக்கும் தெருக்களில் பெரும்பகுதி, வெளியார் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உள்ள வலயம். இத்தாலியில் எந்தப் பழைய நகரத்துக்குப் போனாலும் இசட்டிஎல் என்று மூன்றெழுத்தில் சொல்வது இதைத்தான். வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட பலகை, அதன் கீழே நாட்களும் நேரங்களும் இத்தாலிய மொழியில், மேலே கேமரா. சில மணி நேரங்களில் எல்லோரும் உள்ளே போகலாம், மற்ற நேரங்களில் அனுமதி உள்ளவர்கள் மட்டும். பின்னால் ஒருவர் ஹார்ன் அடிக்க, பக்கத்தில் இருப்பவர் கூகுள் மேப்பைப் பார்த்து ‘நேரே போங்கோ’ என்று சொல்ல, அந்தப் பலகையைப் படிக்க உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நொடி.

நுழைந்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். போலீஸ் விசில் ஊதாது. கேமரா உங்கள் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொள்ளும், நீங்கள் ஒன்றும் தெரியாமல் ஜெலாத்தோ சாப்பிட்டுவிட்டு வருவீர்கள். வெளிநாட்டில் வசிப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப இத்தாலியச் சாலைச் சட்டம் 360 நாள் அவகாசம் கொடுக்கிறது. ஆகவே அடுத்த கோடைக்கு வீடு தேடத் தொடங்கும் நேரத்தில்கூடத் தபால்காரர் அதைக் கொண்டுவந்து தரலாம். வாடகைக் கார் என்றால் இன்னொன்றும் உண்டு: உங்கள் பெயரையும் முகவரியையும் அதிகாரிகளுக்குக் கொடுத்த வேலைக்கென்று வாடகை நிறுவனங்கள் உங்கள் கார்டிலிருந்து தனியாக ஒரு தொகை எடுத்துக்கொள்ளும். தண்டப்பணம் அதற்குப் பிறகுதான் வரும்.

நம்மவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று இருக்கிறது. நாம் ஒரு காரில் போவதில்லை. முன்னால் வழிகாட்டிக்கொண்டு அண்ணா போவார், அவரைத் தவறவிடக் கூடாதென்று பின்னால் மூன்று கார் ஒட்டிக்கொண்டு போகும். அவர் ஒரு தெருவில் தெரியாமல் திரும்பினால் நாலும் திரும்பும். கேமராவுக்கு அண்ணா, தம்பி வித்தியாசம் தெரியாது. குழுவை ஒழுங்கு செய்கிறவர்களுக்கு இந்த மடலை எழுதுவதற்கு முக்கியமான காரணம் இதுதான்: தனிக் குடும்பம் செய்தால் ஒரு தவறு, நீங்கள் செய்தால் நாலு.

‘உள்ளே போக மாட்டோம், வெளியே நிறுத்திவிட்டு நடப்போம்’ என்பீர்கள். முடியும். பியாட்சா ப்ரா சதுக்கத்துக்கு நடக்கும் தூரத்தில் சித்தாதெல்லா என்ற பெரிய நிலத்தடி நிறுத்துமிடம் இருக்கிறது. தெருவில் நிறுத்துவதென்றால் நீலக் கோட்டுக்குக் காசு, வெள்ளைக் கோட்டுக்கு இலவசம், மஞ்சள் கோட்டில் கை வைக்கவே கூடாது. ஆனால் கோடைப் பகலில் நாலு காருக்கும் ஒரே இடத்தில் இடம் கிடைப்பது அரிது. ஆளுக்கொரு பக்கம் நிறுத்திவிட்டு, பிறகு ரோமானியர் காலத்து அரங்கமான அரேனாவின் முன்னால் ஒருவரை ஒருவர் போனில் தேடுவீர்கள். அதற்குள் வெயில் ஏறிவிடும், பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கிவிடுவார்கள், நிறுத்துமிடக் கட்டணம் மணிக்கணக்கில் ஏறுவது மனசின் ஒரு மூலையில் ஓடிக்கொண்டே இருக்கும். ஜூலியட் வீட்டுப் பால்கனிக்குக் கீழே படம் எடுத்த கையோடு திரும்பிவிடுவதற்கு இதுதான் காரணம். (அந்தப் பால்கனி இருபதாம் நூற்றாண்டில் கொண்டுவந்து பொருத்தியது என்பதைப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லலாம்.)

இத்தனைக்கும் தென்கரையில் ரயில் இருக்கிறது. நேற்று வந்த ரயிலும் இல்லை. 1854-ல், இந்தப் பகுதியெல்லாம் ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தபோது வெரோனாவையும் பெஸ்கியேராவையும் இணைத்த பாதை அது. இன்று மிலான்–வெனிஸ் தடத்தில் ஏரியை ஒட்டிய இரண்டு பெரிய நிலையங்கள் தெசென்சானோவும் பெஸ்கியேராவும். பெஸ்கியேராவில் ஏறினால் சாதாரண வட்டார ரயிலிலேயே கால் மணி நேரத்தில் வெரோனா போர்தா நுவோவா. தெசென்சானோவிலிருந்து அரை மணிக்குள். இந்த வட்டார ரயில்களில் இருக்கைப் பதிவு கிடையாது. முன்கூட்டியே வாங்கினால் மலிவு என்பதும் கிடையாது. எப்போது வாங்கினாலும் ஒரே விலை, ஆளுக்குச் சில யூரோக்கள். 4 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டாம், 12 வரை பாதி விலை. இதே நிலையங்களில் அதிவேக ரயில்களும் நிற்கும். அவற்றில் போனால் மிச்சமாவது சில நிமிடம், செலவு பல மடங்கு. டிக்கெட் வாங்கும் செயலியில் பல சமயம் அவைதான் மேலே தெரியும், அதனால் கொஞ்சம் கீழே தள்ளிப் பாருங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மெஷினில் வாங்கும் காகித டிக்கெட்டை ரயில் ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சிறு இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். போனில் வாங்கினால், ஏறும் முன் ‘செக்-இன்’ அழுத்த வேண்டும். ஒருவர் போனில் எல்லோருக்குமாக வாங்கியிருந்தால் அவர்தான் எல்லோருக்கும் சேர்த்து அழுத்த வேண்டும். சூரிச்சிலோ ஸ்டுட்கார்ட்டிலோ பழகிய நமக்கு இது புதிதாக இருக்கும். பரிசோதகருக்கு அந்தக் காரணம் போதாது.

போர்தா நுவோவாவில் இறங்கியதும் நேராகப் போகும் அகலமான மரநிழல் சாலை கோர்சோ போர்தா நுவோவா. திரும்ப வேண்டியதே இல்லை. இருபது நிமிடம் ஆறுதலாக நடந்தால் கடிகாரம் வைத்த பழைய இரட்டை வளைவு வாசல் வரும், அதற்குள் நுழைந்தால் எதிரே அரேனா. நடக்க முடியாதவர்களுக்கு நிலையத்து வாசலிலிருந்தே நகரப் பஸ்கள் உண்டு. காரில் வந்த யாரும் இந்த நகரத்துக்குள் இப்படி நுழைவதில்லை. அவர்கள் ஒரு நிலத்தடி நிறுத்துமிடத்தின் லிஃப்டிலிருந்து வெளியே வருகிறார்கள்.

ஆனால் எல்லோரும் பெஸ்கியேராவில் தங்குவதில்லை என்பது தெரியும். ஏரி தெற்கிலிருந்து வடக்கே 50 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. மூன்று மாநிலங்கள் அதைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. பஸ் நிறுவனங்களும் கரைக்குக் கரை மாறும். குழப்பம் வருவது இங்கேதான், திட்டம் போடுகிறவர்கள் நேரம் செலவழிக்க வேண்டியதும் இங்கேதான். கிழக்குக் கரையில், அதாவது லாசீசே, பர்தோலீனோ, கார்டா பக்கத்தில் இருந்தால், வெரோனாவுக்கு நேராகவே பஸ் இருக்கிறது. வெரோனா மாவட்டத்தின் ஏடிவி பஸ்கள் அவை. மெதுவாகத்தான் போகும், கார்டாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும், ஆனால் போர்தா நுவோவா நிலையத்தின் முன்னாலேயே இறக்கிவிடும். டிக்கெட்டை ‘டி’ எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடைகளில் முன்பே வாங்கிவிடுங்கள், பஸ்ஸுக்குள் வாங்கினால் விலை கூடும். சிர்மியோனேயில் தங்கியிருந்தால், ப்ரெஷ்ஷாவிலிருந்து வெரோனா போகும் பஸ் அந்த வழியாக வரும். இல்லையென்றால் பக்கத்திலிருக்கும் தெசென்சானோவுக்கோ பெஸ்கியேராவுக்கோ போய் ரயில் பிடிக்கலாம். சலோ, கார்தோனே போன்ற மேற்குக் கரை ஊர்களிலிருந்து பஸ்ஸில் தெசென்சானோவுக்கு வருவதுதான் வழி. வடக்கே ரீவாவிலோ தோர்போலேயிலோ இருப்பவர்கள் ஏரியைச் சுற்றித் தெற்கே வர வேண்டியதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் ரொவெரேத்தோ இருக்கிறது. ரீவாவிலிருந்து அங்கே பஸ், அங்கிருந்து பிரென்னர் தடத்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வெரோனா. வரைபடத்தில் ஏரியை மட்டும் பார்ப்பவர்கள் கண்ணில் இது படவே படாது.

ஒரு காலத்தில் இவ்வளவு சுற்ற வேண்டியிருக்கவில்லை. கார்டா ஊருக்கே வெரோனாவிலிருந்து ரயில் ஓடியது, 1950களில் மூடிவிட்டார்கள். ரீவாவுக்கு மோரியிலிருந்து ஓடிய சின்ன ரயில் 1936-லேயே நின்றுவிட்டது. இப்போது அந்தச் சாலைகளில் நிற்கும் கார் வரிசையைப் பார்க்கும்போது அவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

படகைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். ஏரியில் அரசுப் படகுச் சேவை இருக்கிறது. கார்டா, பர்தோலீனோ, லாசீசேயிலிருந்து பெஸ்கியேராவுக்குப் படகில் வந்து அங்கே ரயில் ஏறுவது பிள்ளைகளுக்குப் பெரிய கொண்டாட்டமாக இருக்கும். ஆனால் மெதுவானது, பஸ்ஸைவிட விலையும் கூட. மாலையில் சீக்கிரமே நின்றுவிடும் என்பதால் திரும்பி வருவதற்கு அதை நம்ப வேண்டாம்.

இனி உங்கள் ஆட்சேபங்களுக்கு வருகிறேன்.

‘அம்மம்மாவை எப்படி ரயிலில் கூட்டிப்போவது?’ நியாயமான கேள்வி. இத்தாலிய ரயில் நிலையங்களில் ‘சாலா ப்ளூ’ என்று ஒரு உதவிச் சேவை இருக்கிறது. நடக்கச் சிரமப்படுகிறவர்களையும் சக்கர நாற்காலிக்காரர்களையும் ரயிலில் ஏற்றி இறக்க ஆள் வருவார். கட்டணம் இல்லை, ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். உங்கள் நிலையத்தில் அது கிடைக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், அம்மம்மா வரும் ஒரு காரை மட்டும் நேராக நிலத்தடி நிறுத்துமிடத்துக்கு அனுப்புங்கள், மற்ற எல்லோரும் ரயிலில் போங்கள். எல்லாக் காரும் போக வேண்டும் என்பதற்கு அம்மம்மாவைக் காரணம் காட்டாதீர்கள்.

‘ஐந்து பேருக்கு ரயில் டிக்கெட் எடுத்தால் பெட்ரோலைவிடக் கூட வருமே?’ வரலாம். பெட்ரோலோடு நெடுஞ்சாலைக் கட்டணத்தையும் நாள் முழுக்க நிறுத்தும் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள், வித்தியாசம் பெரிதாக இருக்காது. தண்டப்பணத்தை நான் சேர்க்கவே இல்லை.

‘இத்தாலியில் எப்போது பார்த்தாலும் வேலைநிறுத்தம்.’ உண்மைதான், ஆனால் அறிவித்துவிட்டுத்தான் செய்கிறார்கள், அதற்கும் விதி இருக்கிறது. வேலைநாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட வட்டார ரயில்கள் ஓடியே ஆக வேண்டும். காலையில் போய் மாலையில் திரும்பும் குடும்பத்துக்கு அது போதும். இல்லையென்றால் நாளை மாற்றிக்கொள்ளலாம், நீங்கள் முன்பதிவு எதுவும் செய்திருக்கப் போவதில்லையே.

ஒரு முழு நாள் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்காமலும் போகலாம். அரேனாவின் வெளிச்சுவரைத் தேடிப் பாருங்கள். முதல் நூற்றாண்டில் கட்டியது. 1117-ல் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு வெளி வளையத்தில் மிஞ்சியது நாலே நாலு வளைவு, அது ஒரு பக்கமாக நின்றுகொண்டிருக்கிறது. அப்புறம் ஆற்றங்கரைக்குப் போய்ப் போந்தே பியேத்ரா பாலத்தைப் பாருங்கள். 1945 ஏப்ரலில் பின்வாங்கிய ஜெர்மன் படை அதை வெடிவைத்துத் தகர்த்தது. போருக்குப் பிறகு ஊர்க்காரர்கள் ஆற்றில் விழுந்த கற்களை எடுத்து, 1950களின் கடைசியில் மறுபடி கட்டினார்கள். வெள்ளைக் கல்லும் செங்கல்லும் எங்கெங்கே சேர்கின்றன என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். கைபேசியை மறந்து தேடுவார்கள். பியாட்சா தெய் சின்யோரியில் தாந்தேயின் சிலை நிற்கிறது. சொந்த ஊரான புளோரன்ஸிலிருந்து நாடுகடத்தப்பட்ட கவிஞருக்கு அடைக்கலம் கொடுத்த ஊர் வெரோனா. நம் வீட்டுப் பெரியவர்கள் அந்தச் சிலையின் முன் கொஞ்ச நேரம் கூடுதலாகவே நிற்பார்கள் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், மியூசியங்கள் பல மூடியிருக்கும்.

ஓபராவுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் என் பேச்சு பொருந்தாது. ஓபரா இசையமைப்பாளர் வெர்டி பிறந்த நூற்றாண்டுக்காக 1913-ல் அரேனாவில் தொடங்கிய கோடை விழா அது. இருட்டத் தொடங்கியபின் ஆரம்பித்து நள்ளிரவை ஒட்டியோ அதைத் தாண்டியோ முடியும். அந்த நேரத்தில் ஏரிப் பக்கம் போகும் வழக்கமான ரயிலும் பஸ்ஸும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். அந்த இரவுக்கு வெரோனாவிலேயே அறை எடுங்கள், அல்லது ஏரிக்கரை ஊர்களிலிருந்து ஓபரா இரவுகளில் ஆட்களை ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் சுற்றுலா பஸ்ஸில் இடம் பிடியுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் காரை எடுத்துக்கொண்டு போங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். படிக்கட்டு இருக்கைகளில் உட்காருகிறவர்கள் தலையணை எடுத்துப்போகவும், பகல் வெயில் முழுவதும் அந்தக் கல்லில்தான் இருக்கும்.

வெரோனாவில் ஹோட்டல் எடுத்துத் தங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஹோட்டல் கட்டுப்பாட்டு வலயத்துக்குள் இருந்தால், உங்கள் வண்டி எண்ணை நகராட்சியில் பதிய முடியுமா என்று வருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். வரவேற்பில் இருப்பவர் வாயால் சொல்லும் ‘பரவாயில்லை’ கேமராவுக்குக் கேட்காது.

ஒழுங்கு செய்கிறவர்களிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். நீச்சல்குளம் இருக்கிறதா, ஏரி தெரியுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்பது போலவே, முன்பணம் அனுப்பும் முன் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம், வெரோனாவிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு? கோடைக்கால அட்டவணையும் மற்ற மாதங்களின் அட்டவணையும் வேறு என்பதால் நீங்கள் போகும் வாரத்தைக் குறிப்பிட்டே கேட்க வேண்டும். இரண்டு வீடு ஒரே விலையில் இருந்து, ஒன்று பெஸ்கியேரா நிலையத்துக்கு நடக்கும் தூரத்திலும் மற்றது மலைச்சரிவில் ஆலிவ் தோட்டத்துக்கு நடுவிலும் இருந்தால், படத்தில் அழகாக இருப்பதை விட்டுவிட்டு நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதை எடுங்கள். பதினாறு வயதுப் பிள்ளைகள் உங்களை எதிர்பார்க்காமல் தாங்களாகவே ஒரு நாள் வெரோனாவுக்கு ரயிலேறிப் போய்வருவார்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே ஏரிக்கரைக்குப் போய்வரும் ஒருத்தி